கராத்தேக்கும் குத்துச்சண்டைக்கும் நடுவில்

கடையில் இருந்த அத்தனை கறுப்புக் கண்ணாடிகளையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒன்றுகூட அந்த வீக்கத்தை மறைக்கவில்லை.

இடது புருவத்தில் தொடங்கிக் கன்னத்தின் பாதிவரை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. சின்ன ஃபிரேம் போட்டால் நாலு பக்கமும் எட்டிப் பார்த்தது. பெரிய ஃபிரேம் போட்டால், எதையோ மறைக்கிற முகம் என்று அதுவே காட்டிக் கொடுத்தது. ஊரார் முகத்துக்கெல்லாம் பொருத்தமாக ஒன்றை எடுத்துக் கொடுக்கிற கண்ணாடிக்காரருக்குத் தன் முகத்துக்கு ஒன்று அகப்படவில்லை.

நடந்தது இவ்வளவுதான். காலையில் கடை வாசலில் இருக்கும் கண்ணாடிக் கதவைப் புதிதாக வாங்கிய திரவத்தைத் தெளித்துத் துடைத்தார். 'கதவு இருக்கறதே தெரியக் கூடாதுய்யா' என்பது முதலாளியின் நிரந்தர உத்தரவு. அன்றைக்குத் தெரியவில்லை. குடையை மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக, துடைக்கக் கழற்றிய தன் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு, குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குடைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்னறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கதவில் பதிந்திருந்த கறையை உள்பக்கம் எவ்வளவு துடைத்தும் முழுதாகப் போகவில்லை. வெளியே போய்த் துடைத்த பிறகுதான் போயிற்று. முந்தின நாள் தொலைபேசியில், "குனிஞ்சு நிமிர்ந்தாலும் விழாத கண்ணாடி இருக்குமா? எனக்கில்ல, தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று ரகசியக் குரலில் விசாரித்துவிட்டு, காலையில் வருவதாகச் சொன்ன ஆளும் வரவில்லை. இந்த முகத்தைப் பார்க்க ஆள் குறைவதே நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் முதலாளி வந்தார். கதவை ஒருமுறை பெருமையாகப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்தார்.

"என்னய்யா கண்ணுல?"

இதே கதவில் முன்பொருமுறை முட்டிக்கொண்ட உதவியாளரை முதலாளி அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். 'கண்ணு வியாபாரம் பண்ற கடையில கதவு தெரியாதவனுக்கு என்ன வேலை?' என்று அப்போது அவர் கேட்டதுதான் கண்ணாடிக்காரருக்கு இப்போது நினைவு வந்தது.

"ஒருத்தன் அடிச்சுட்டான் சார்."

"அடிச்சானா? உன்னையா? எதுக்கு?"

"தெருவுல... சும்மா ஒரு தகராறு."

"நீ என்ன பண்ணினே?"

'ஒன்றும் பண்ணவில்லை' என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பொய்தான் என்று ஆகிவிட்ட பிறகு, அதிலும் அடிவாங்கிக்கொண்டு திரும்புவதற்கு மனம் ஒப்பவில்லை.

"நானும் ஒண்ணு குடுத்தேன் சார்."

"எப்படி?"

கண்ணாடிக்காரர் கையை மடக்கிக் காட்டினார். அரையடி தூரத்துக்குக் காற்றைக் குத்தினார்.

"குத்துச்சண்டையா!" முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீயா! எங்கய்யா கத்துக்கிட்டே?"

"படிக்கிற காலத்துல கொஞ்ச நாள் போனேன்."

அது முழுப் பொய் இல்லை. போனார். முதலில் கயிறு தாண்டச் சொன்னார்கள். கயிறு காலில் சுற்றி விழுந்ததில் கணுக்கால் பிசகிக்கொண்டது. கையுறையைத் தொடுவதற்கு முன்பே ஓய்வு பெற்ற வீரர் அவர்.

முதலாளிக்குச் சண்டை என்றால் உயிர். அவர் யாரையும் அடித்தது கிடையாது. தொலைக்காட்சியில் பார்ப்பார், பார்த்ததைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அவருடைய கட்சி குஸ்தி.

"குத்துச்சண்டை நல்லதுதான். இல்லேங்கலை. ஆனா தெருச்சண்டை எங்க முடியும்? தரையில முடியும். கட்டிப் புரண்டுட்டா எங்க குத்துவே?"

"தார் ரோட்டுல புரண்டா முட்டி தேஞ்சுடும் சார்," என்றார் எதிர்க்கடை சாவிக்காரர். சாவி போடுகிறவருக்கு வேலை நேரத்தில் பாதி காத்திருப்பதில் போகும். அந்தப் பாதியை அவர் கண்ணாடிக்கடை வாசலில்தான் கழிப்பார். "அதுவும் நீங்க ஒருத்தனைக் கட்டிப் புரள்ற நேரத்துல அவன் கூட்டாளி வந்து தலையில உதைச்சான்னா? கால்தான் சார் பெருசு. கை நீளமா, கால் நீளமா? அளந்து பாருங்க."

"காலைத் தூக்கினா ஒத்தைக் கால்ல நிக்கணும்யா. ரோடு ஈரமா இருந்தா?"

"அப்ப ஜூடோ?" என்றார், படிக்கிற கண்ணாடிக்காகக் காத்திருந்த ஒரு டீச்சரம்மா.

"ஜூடோவுக்கு எதிராளி போட்டிருக்கற சட்டைக் காலர் வேணும்மா. பனியனோட வந்தான்னா எதைப் பிடிப்பீங்க?" என்றார் முதலாளி.

மூவரும் திரும்பிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். தெருவில் உண்மையாகவே சண்டை போட்டவர் அந்த இடத்தில் அவர் ஒருவர்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலைமை.

"அந்த நேரத்துல அதெல்லாம் யோசிக்கத் தோணலை," என்றார். அது எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது.

சாவிக்காரர் மட்டும் அவர் வலது கையைக் கூர்ந்து பார்த்தார். "வெறுங்கையால குத்தினா விரல் எலும்பு போயிடும்பாங்களே. உங்க கையில ஒரு கீறல்கூட இல்லையே?"

"உள்காயம்," என்றார் கண்ணாடிக்காரர். அன்று மாலையே மருந்துக் கடையில் கட்டுத்துணி வாங்கி வலது கையைச் சுற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு எள்ளளவு திருகாணியைப் பிடித்து ஃபிரேமில் மாட்டுவது பெரும்பாடாகிவிட்டது. ஆனால் அதுவும் அவருடைய புகழுக்கே போய்ச் சேர்ந்தது.

வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ்ஸில் வரும்போது தீர்மானித்திருந்தார். மனைவியிடம் எதையும் மறைக்க முடியாது. அந்த அம்மாள் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிறவர்களிடம், எப்போதிலிருந்து வரவில்லை, பக்கத்து வீட்டில் வருகிறதா, குழாயைத் திறந்தீர்களா என்று ஒழுங்காகக் கேட்டு உண்மையை வரவழைத்துப் பழகியவர்.

ஆனால் பஸ்ஸை முதலாளியின் தொலைபேசி முந்திவிட்டது. அம்மாளைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டார்.

கதவைத் திறந்தது மகள். பதினைந்து வயது. அப்பாவை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் வெளியே கூட்டிப் போகக் கொஞ்சம் வெட்கம். லிஃப்ட் கதவு தன்மேல் மோதினாலும் 'மன்னிச்சுக்கங்க' என்று கதவிடமே சொல்லுகிற அப்பா அவர். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம், 'என் கால் அங்க இருந்திருக்கக் கூடாது' என்று விளக்கம் கொடுப்பவர்.

அந்த மகள் இப்போது வாசலில் நின்று, வீங்கின கண்ணையும் கட்டுப்போட்ட கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா! நிஜமாவா? நீயா?"

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், பஸ்ஸில் செய்த தீர்மானம் படியிலேயே உட்கார்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவள் தன்னை இப்படிப் பார்த்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. ஒரே ஒரு ராத்திரி இருக்கட்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போனார்.

"எப்போ?" என்றார் மனைவி.

"காலையில."

"எங்க?"

"கடைத்தெருவுல."

"யார் பாத்தாங்க?"

"யாரும் பாக்கலை."

"அவன் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"சரி. ஆள் தெரியாது, பிடிபடலை, அதே தெருவுலதான் சுத்திக்கிட்டிருக்கான். இனிமே இவ அந்தத் தெரு வழியா கராத்தே கிளாஸுக்குப் போக வேண்டாம்."

"அம்மா! ஞாயித்துக்கிழமை எனக்கு பெல்ட் டெஸ்ட்!"

"பெல்ட் கடையில விக்குது. வாங்கித் தரேன்."

கண்ணாடிக்காரர் குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் வேண்டாம். அவன் இனிமே அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான். நான் குடுத்த அடி அப்படி."

மனைவியின் முகம் மாறியது. "அவ்வளவு அடிச்சீங்களா? அவனுக்கு ஏதாவது ஆயிருந்தா? ஆஸ்பத்திரியில கிடந்தா? போலீஸ் வந்தா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லை. மெதுவா ஒண்ணே ஒண்ணு. மூக்குல."

"மூக்குலயா?" என்றாள் மகள், ரசித்து.

"மூக்குல," என்றார். மூக்கு அவர் வாயில் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது. காதைச் சொல்லியிருக்கலாம். தாடையைச் சொல்லியிருக்கலாம். வந்தது மூக்கு.

மறுநாள் மாலை மகள், அம்மாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துப் போன கராத்தே கிளாஸிலிருந்து திரும்பி வந்தாள். காலணியைக் கழற்றவில்லை. பையைக் கீழே வைக்கவில்லை.

"மாஸ்டருக்கு மூக்குல பிளாஸ்டர்ப்பா."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"நேத்து காலையில. கடைத்தெருவுல. எதிர்ல இருக்கறதே தெரியலையாம். கையைத் தூக்கினதுகூடக் கண்ணுல படலையாம். அசையாம நின்ன எதிராளியாம், அடுத்த செகண்ட் மூக்குல விழுந்துச்சாம். இப்படி ஒரு அடியை இத்தனை வருஷத்துல வாங்கினதில்லைன்னு சொல்றாரு."

"திருப்பி... அடிக்கலையா?"

"கோபமில்லாத எதிராளியை அடிக்கறது கராத்தே இல்லைன்னு விட்டுட்டாராம்." அவள் குரல் உடைந்தது. "அப்பா, அது நீதானே?"

'நான் இல்லை' என்றால், 'அப்போது நீ அடித்த மூக்கு எங்கே' என்று கேட்பாள். ஒரே தெரு, ஒரே காலை, இரண்டு குத்து, இரண்டு மூக்கு என்று சொன்னால் புகார்ப் பிரிவு உள்ளேயிருந்து எழுந்து வரும்.

"இல்லம்மா... அது வந்து..."

"கிளாஸ்ல எல்லாரும் உன்னைத்தான் சொல்றாங்க. சாவிக்கடை மாமா கிளாஸ் நடக்கற மாடிக்குப் பக்கத்து வீடுதானே, நேத்து ராத்திரியே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. குத்துச்சண்டைதான் பெருசு, கராத்தே எல்லாம் காத்துல கையை வீசறதுன்னு பசங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க. பாதிப் பேர் இன்னைக்கு வரவே இல்லை. ஒரு வாண்டு மாஸ்டர்கிட்டயே போய், குத்துச்சண்டைக்கு எங்க சேரணும்னு கேட்டுச்சு. அவரு பாவம், தெரியலைப்பான்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காரணமில்லாம நீ அவரை அடிச்சிருந்தா, நீ மோசம். காரணமில்லாம அவர் உன்னை அடிச்சிருந்தா, அவர் மோசம். நான் கராத்தேயை விட்டுடறேன். ரெண்டு பேர்ல யாருன்னு மட்டும் சொல்லு."

அவர் மேசைமேல் வைத்த டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்று ஒரு ராத்திரிக்கு என்று கடன் வாங்கின வெளிச்சம் போயிற்று. கூடவே, அது வருவதற்கு முன்னால் இருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று.

கண்ணாடிக்காரருக்கு இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. ஆக, கடைத்தெருவில் நிஜமாகவே ஒருவன் இருக்கிறான். அசையாமல் நின்று, கையைத் தூக்காமல் கராத்தே மாஸ்டர் மூக்கையே உடைக்கிற ஒருவன். தான் வாயால் உண்டாக்கிய ரவுடி உடம்போடு நடமாடுகிறான்! மறுநாள் கடைக்குப் போகும்போது, அசையாமல் நின்றவர்களை எல்லாம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு போனார். தபால் பெட்டியைக்கூட ஒருமுறை சுற்றிக்கொண்டுதான் போனார்.

அன்று வேலை ஓடவில்லை. இழுப்பறையில் பழுதுபார்க்க வந்த ஃபிரேம்கள் கிடந்தன. அவற்றில் சில, சண்டையில் உடைந்தவை. யாரும் அப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை. 'கீழ விழுந்துடுச்சு' என்றுதான் கொடுப்பார்கள். ஆனால் கீழே விழுந்த கண்ணாடிக்கும் கன்னத்தில் வாங்கின கண்ணாடிக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். அடிவாங்கினவன் கண்ணாடி வரும். சில நாள் கழித்து, அடித்தவன் கண்ணாடியும் அதே மாதிரி வளைந்து வரும். குத்து, உதை, குஸ்தி எது என்று ஃபிரேமைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜெயித்தது யார் என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மாதிரி நிமிர்த்தித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் யோசித்ததில் அவருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. அவருடைய நல்ல யோசனைகளில் அதுதான் படுமோசமானது.

கடையில் இலவசக் கண் பரிசோதனை அட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்து, கட்டுப்போட்ட கையால் பின்பக்கம் எழுதினார்: 'நடந்ததை மறந்துவிடுவோம். ஒருமுறை எங்கள் கடைக்கு வந்து கண்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இலவசம்.' சமாதானத்துக்கு ஒரு கண்ணாடிக்கடைக்காரன் வேறு என்ன கொடுக்க முடியும்? சாவிக்காரரிடம் கொடுத்து அனுப்பினார்.

சாவிக்காரர் அதை வழியில் சந்தித்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிவிட்டு, கடைசியாக மாஸ்டரிடம், மாணவர்கள் முன்னிலையில் கொடுத்தார். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, என்ன அடி அண்ணே அது! நேரா குத்தினதைவிட இது பெரிய குத்து!"

"என்னப்பா சொல்றே?"

"'நான் அடிச்சது உனக்குத் தெரியலை, போய்க் கண்ணை செக் பண்ணிக்கோ'ன்னு ஒரு மனுஷன் இவ்வளவு மரியாதையா சொல்ல முடியுமா! அட்டையைப் படிச்சதும் மாஸ்டர் முகம் செவந்துபோச்சு. பிளாஸ்டரைத் தவிர எல்லா இடமும் செவப்பு. 'அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு'ன்னு முணுமுணுத்தாரு. அப்புறம் நிமிர்ந்து, 'ஞாயித்துக்கிழமை, பெல்ட் டெஸ்டுக்கு முன்னாடி, அவரை வரச் சொல்லுங்க'ன்னுட்டாரு."

"எதுக்கு?"

"எதுக்கா? கராத்தேயா குத்துச்சண்டையான்னு பாக்கத்தான்!"

முதலாளி துள்ளி எழுந்தார். "நான்தான் நடுவர்! கடை பேனரை எடுத்துக்கிட்டு வரேன்."

"சார், எனக்கு உடம்பு..."

"உடம்பெல்லாம் போட்டி முடிஞ்சதும் பாத்துக்கலாம். நம்ம கடை மானம்யா!"

சனிக்கிழமை, பக்கத்து வங்கியின் காவலாளி, கண்ணாடியின் காதுப்பிடி கடிக்கிறது என்று வந்தார். அவர் காதே கொஞ்சம் தினுசானது. காலிஃபிளவர் மாதிரி மடிந்து தடித்திருக்கும். ஒரு காலத்தில் மேடை ஏறிக் குத்துச்சண்டை போட்டவர். காதுப்பிடியைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டே கண்ணாடிக்காரர் கேட்டார்.

"அண்ணே, நீங்க தெருவுல சண்டை போட்டிருக்கீங்களா?"

"ரெண்டு தடவை வந்துச்சு."

"ஜெயிச்சீங்களா?"

"ஓடிட்டேன்."

"நீங்களா?"

"குத்துச்சண்டையில முதல் பாடம் என்ன தெரியுமா? தூரம். எதிராளி கை எட்டாத தூரத்துல நிக்கணும். தெருவுல அந்தத் தூரம் அடுத்த பஸ் ஸ்டாப் வரைக்கும்." அவர் சிரிக்கவில்லை. "மேடையில எதிர்ல ஒருத்தன்தான்னு தெரியும். கையில கத்தி இல்லைன்னு தெரியும். மணி அடிச்சா நிறுத்திடுவான்னு தெரியும். தெருவுல மணியை யார் அடிப்பா? ஒழுங்கா கத்துக்கிட்ட கராத்தேக்காரனைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவான். எது பெருசுங்கற சண்டையெல்லாம் சண்டை தெரியாதவங்க போடறது."

கண்ணாடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஓட முடியாது அண்ணே. பொண்ணு பாத்துக்கிட்டிருப்பா."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். கட்டுப்போட்ட கையை வாங்கி, துணியைப் பிரித்து, உள்ளே பழுதில்லாமல் இருந்த விரல்களை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மறுபடி சுற்றிவிட்டார்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. எதுவும் தோணலேன்னா எதிராளியைக் கட்டிப் பிடிச்சுக்கங்க. பெரிய பெரிய ஆளெல்லாம் பண்ணுவாங்க. கட்டிப் பிடிச்சவனை அடிக்க முடியாது. யாராவது வந்து பிரிக்கிற வரைக்கும் விடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை சலவைக்கடை மாடியில் இருந்த அந்தக் கூடம் நிரம்பி வழிந்தது. வராமல் நின்ற பிள்ளைகள்கூட வந்துவிட்டார்கள். தரையில் ரப்பர் விரிப்பு; அதைச் சுற்றி வெள்ளைச் சட்டைகள். சுவரில் முதலாளியின் பேனர். மனைவி முன்வரிசையில், களிம்பு, பஞ்சு, மருத்துவக் காப்பீட்டு அட்டை மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் ஓரமாக நின்றாள். அவளுக்கு அன்று யார் ஜெயித்தாலும் நஷ்டம்.

"கண்ணாடியைக் கழட்டுய்யா," என்றார் முதலாளி, விசிலோடு.

கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தெருச்சண்டையைப் பற்றி இத்தனை பேர் இத்தனை பேசினார்களே, கண்ணாடியை எங்கே வைப்பது என்று ஒருவராவது சொன்னார்களா? தடவித் தடவி மகள் இருந்த பக்கம் நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

இப்போது உலகம் பாலில் கரைத்த மாதிரி இருந்தது. எதிரே ஒரு பெரிய வெள்ளை. அதன் நடுவில் ஒரு சின்ன வெள்ளை, அது பிளாஸ்டர். மாஸ்டர் கண்ணைச் சுருக்கி முன்னால் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரருக்கு ஓரடி வலப்பக்கமாக இருந்த தூணைப் பார்த்து முறைப்படி குனிந்து வணங்கினார். எதிராளியைக் குழப்புகிற உத்தி போலிருக்கிறது என்று கண்ணாடிக்காரர் நடுங்கினார்.

விசில் ஒலித்தது.

மாஸ்டர் ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணாடிக்காரர் எதிர்ச்சுற்றுச் சுற்றினார். மாஸ்டர் உதைத்தார், அங்கே யாரும் இல்லை. கண்ணாடிக்காரர் காவலாளி கொடுத்த பெரிய கையுறையால் குத்தினார். அங்கேயும் யாரும் இல்லை.

"பாத்தீங்களா, ரெண்டு பேரும் எப்படி விலகறாங்க!" என்றார் சாவிக்காரர், உணர்ச்சிவசப்பட்டு.

மூன்றாவது சுற்றில் கண்ணாடிக்காரருக்குப் பொறுக்கவில்லை. யாரோ அடித்த அடியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டாகிவிட்டது. ஓரத்தில் ஒரு பெண் தன் அப்பாவையும் குருவையும் இரண்டு தட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பேரையும் அவள் இழக்க வேண்டாம். வீரமான அப்பாவை மட்டும் இழக்கட்டும். அந்த அப்பாவோடு பழகி நாலைந்து நாள்தானே ஆகிறது!

வெள்ளை எங்கே அதிகமாக இருந்ததோ அங்கே பாய்ந்து மாஸ்டரை இறுகக் கட்டிப் பிடித்தார்.

"சார், நான் உங்களை அடிக்கலை," என்றார் அவர் காதுக்குள். "யாரையுமே அடிக்கலை. உங்களை அடிச்சது எவனோ, எனக்குத் தெரியாது. என் கண்ணு வீங்கினது எங்க கடைக் கதவுல சார். கண்ணாடிக் கதவு. நானே போய் முட்டிக்கிட்டேன். முதலாளிக்குப் பயந்து பொய் சொன்னேன், அது இங்க வரைக்கும் வந்துடுச்சு. என் வேலை போனாப் போகட்டும். இப்பவே எல்லார் முன்னாலயும் சத்தமா சொல்லிடறேன். என் பொண்ணு உங்ககிட்டயே கத்துக்கணும் சார்."

மாஸ்டரின் உடம்பு கல்லாகியது. ஓங்கியிருந்த கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி, கண்ணாடிக்காரரின் முதுகைச் சுற்றி வளைத்தது. அவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார். விடுகிற மாதிரி தெரியவில்லை.

கூடம் ஒரு கணம் திகைத்தது. பிறகு எங்கோ ஓரத்தில் ஒரே ஒரு ஜோடிக் கை தட்டியது. கண்ணாடி இல்லாமலே அது யார் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தொடர்ந்து மொத்தக் கூடமும் தட்டியது. முதலாளி விசிலை ஊதவும் மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதுதான் நேரம் என்று கண்ணாடிக்காரர் மூச்சை இழுத்து, கத்துவதற்கு வாயைத் திறந்தார். மாஸ்டரின் பிடி இன்னும் இறுகியது.

"மெதுவா சார், மெதுவா," என்றது காதோரம், தொலைபேசியில் கேட்ட அந்த ரகசியக் குரல். "நீங்க உள்ள இருந்து வந்து முட்டினீங்க. நான் வெளிய இருந்து."